கொட்டைக்குள் ஒளிந்த பகை
(திருவண்ணாமலையில் கூடிய ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நம் கடைவீதிக்கு வரும் மாம்பழம் பார்வைக்குக் குற்றமற்றதாகவே தோன்றும். உண்டபின் கொட்டையை உடைத்தால் உள்ளே கூன்வண்டு இருப்பதைச் சில வேளை காண்கிறோம். அஃது எவ்வாறு புகுந்தது? பிஞ்சுப் பருவத்திலேயே தாய் வண்டு தோலின்மேல் முட்டையிடுகிறது. புழு சதையைத் துளைத்துச் சென்று கொட்டையை அடைகிறது. காய் பருக்கப் பருக்கத் துளை மூடிக்கொள்கிறது. ஆகவே, பழுத்த கனியை எத்துணை உற்று நோக்கினும் உள்ளிருக்கும் பகை புலப்படுவதில்லை.

1895-ஆம் ஆண்டில் ராண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ் கதிர் இங்கே துணைபுரிகிறது. மருத்துவமனையில் எலும்பைக் காட்டும் அதே கதிர், பழத்தை அறுக்காமலே கொட்டையைக் காட்டுகிறது. புழு அரித்த இடம் படத்தில் வேறுபட்டுத் தெரியும். மும்பை பாபா அணு ஆராய்ச்சி நிலைய அறிஞர்கள் இம்முறையை மாம்பழத்தில் சோதித்து, 1995-இல் முடிவுகளை வெளியிட்டனர்.

இதனால் நமக்கு யாது பயன் என நீங்கள் வினவலாம். 2014-ஆம் ஆண்டு மே முதல் நாள் தொடங்கி, ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழம், கத்தரி, பாகல், புடல், சேம்பு ஆகியவற்றைத் தடை செய்தது. பழ ஈ முதலிய பூச்சிகள் சரக்கில் காணப்பட்டமையே காரணம். மாம்பழத் தடை 2015-இல்தான் நீங்கிற்று. அமெரிக்கா 2007-இல் நம் மாம்பழத்தை அனுமதித்தபோது, 400 கிரே அளவு கதிர்வீச்சுக்கு உட்படுத்த வேண்டுமென நிபந்தனை விதித்தது. கொட்டை வண்டும் அந்நிபந்தனைக்கு ஒரு காரணமாகும்.

ஆயின், படமெடுக்கும் எந்திரம் பூச்சியைக் காட்டுமேயன்றிக் கொல்லாது; பழுதான கனியை ஒதுக்கும், அவ்வளவே. ஒதுக்கப்பட்ட கனியின் நட்டம் உழவரையே வந்து சேரும். எனவே, நம் பணி தோட்டத்திலேயே தொடங்க வேண்டும்.

இவ்வண்டு ஆண்டுக்கு ஒரு தலைமுறையே பெருகுவது. பருவம் முடிந்தபின் மரப்பட்டை இடுக்குகளில் தங்கி, அடுத்த காய்ப்புக்குக் காத்திருக்கும். ஆதலின், உதிர்ந்த காய்களையும் கொட்டைகளையும் ஒரு பருவம் முழுதும் பொறுக்கி அழித்தால், மறு ஆண்டு வண்டு குறையும். ஒருவர் தோட்டத்தைத் துப்புரவாக்கி அடுத்தவர் வாளாவிருந்தால் பயனில்லை; ஊர் முழுதும் சேர்ந்து செய்தல் வேண்டும்.

தொலைவிடங்களுக்கு இவ்வண்டு பரவுவது பெரும்பாலும் பழத்தோடும் கொட்டையோடும்தான். பல ஊர்ப் பழங்கள் வந்து சேரும் நம் கடைவீதியிலும், மக்கள் திரளும் கிரிவலப் பாதையிலும் எறியப்படும் கொட்டைகளைத் திரட்டி, எரிக்கவோ ஆழப் புதைக்கவோ ஏற்பாடு செய்தல் நன்று. அவ்வாறே சுற்றியுள்ள ஊராட்சிகளும் தத்தம் எல்லையில் செய்யலாம். இதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை, ஒற்றுமையே வேண்டும்.

அயல்நாட்டுத் துறைமுகத்தில் நம் குறை வெளிப்படுமுன், நம் தோட்டத்திலேயே அதனைக் களைவோமாக!