பற்றாசும் பாட்டும்



வெண்பா எழுதிப் பழகியோர் ‘ஆசு’ என்னும் சொல்லை நன்கறிவர். இரு குறள் வெண்பாக்களை நேரிசையாக இணைக்குங்கால், முதற்குறளின் இறுதியும் தனிச்சொல்லும் பொருந்தாவிடின் ஓரசையோ ஈரசையோ இடையில் இடப்படுகிறது. உலோகத் துண்டுகளை ஒட்டவைக்கும் பற்றாசின் பெயரே அதற்கும் வழங்கலாயிற்று. பொற்கொல்லர் பட்டறையில் பிறந்த அந்தப் பற்றாசு, இன்று மின்னணுப் பலகையிலும் அதே தொழிலைச் செய்து வருகிறது.

1975 ஜனவரியில் ‘பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்’ என்னும் அமெரிக்க இதழ் ‘ஆல்டேர் 8800’ என்ற கணிப்பொறியை அட்டையில் வெளியிட்டது. நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி நகரில் எட் ராபர்ட்ஸ் நடத்திய எம்.ஐ.டி.எஸ். நிறுவனம் அதனை உதிரிப் பாகங்களாகவும் விற்றது. விலை 397 டாலர். (இதழுக்கு அனுப்பிய மாதிரி வழியில் தொலைந்துபோக, அட்டையில் காட்சி தந்தது உள்ளீடற்ற வெறும் பெட்டியே!) கடனில் மூழ்கியிருந்த நிறுவனம் சில நூறு விற்றால் பிழைப்போம் என்றிருந்தது, ஆணைகளோ ஆயிரக்கணக்கில் குவிந்தன.

மாதக்கணக்கில் காத்திருந்தோர் கைக்கு வந்தவை மின்தடைகள், மின்தேக்கிகள், சில்லுகள், வெற்றுப் பலகைகள். மற்றதெல்லாம் வாங்கியவர் பொறுப்பு.

வெள்ளீயம் 63 பங்கு, காரீயம் 37 பங்கு கலந்த பற்றாசு 183 பாகை செல்சியசில் உருகும். அதனைச் சூட்டுக்கோலின் நுனியில் உருக்கி இணைப்பின்மேல் சொட்டவிடுவது புதியவர் செய்யும் பிழை. ஒட்டியதுபோல் தோன்றும், ஒட்டியிராது. செப்புத் திட்டும் பாகத்தின் காலும் ஒருங்கே சூடேற வேண்டும். அச்சூட்டிலேயே ஈயக்கம்பி உருகிப் பரவ வேண்டும். கம்பியின் உள்ளிருக்கும் மரப்பிசின் செம்பின் மாசை நீக்கி வழிவிடும். ஆறும் வேளையில் கால் சற்றே அசைந்தாலும் இணைப்பு மங்கிச் சொரசொரத்துப் போகும். அதில் இன்று மின்சாரம் பாயும், நாளை பாயாது. முற்றும் அறுந்த இணைப்பு விரைவில் அகப்பட்டுவிடும். இந்த அரைகுறை இணைப்புத்தான் இரவெல்லாம் விழிக்க வைக்கும். வெளிப்படையாகத் தளை தட்டும் அடியைவிட, தட்டியும் தட்டாததுபோல் நிற்கும் அடி புலவரை வாட்டுவதில்லையா?

இவ்வளவு பாடுபட்டு முடித்த பெட்டிக்குத் திரையில்லை, எழுத்துப் பலகையில்லை. முகப்பில் சில விசைகள், சில விளக்குகள்; நினைவகமோ 256 பைட்டுகள். இதனால் யாது பயன் என்று கேட்டவர்களைக் குறைகூற இயலாது.

1975 ஏப்ரலில் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஹோம்புரூ கணிப்பொறிச் சங்கத்தார் கூடினர். ஸ்டீவ் டாம்பியர் என்னும் உறுப்பினர் தாம் இணைத்த ஆல்டேரைக் கொணர்ந்து, விசைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கட்டளைகளை ஏற்றினார். யாரோ மின்கம்பியில் கால் தடுக்க, ஏற்றியவை அனைத்தும் அழிந்தன. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். முடித்ததும் அருகில் ஒரு சிறு வானொலியை வைத்தார். பீட்டில்ஸ் குழுவினரின் ‘தி ஃபூல் ஆன் தி ஹில்’ பாட்டின் மெட்டு அதிலிருந்து எழுந்தது!

வானொலிக்கும் பெட்டிக்கும் இடையே கம்பி ஏதுமில்லை. பலகைச் சுற்றுகள் இயங்கும்போது வெளிப்படும் இரைச்சலை வானொலி வாங்கிக்கொள்ளும். கட்டளைச் சுழல்களின் கால அளவை மாற்றி, அவ்விரைச்சலை அவர் சுரங்களாக்கியிருந்தார். அடுத்து ‘டெய்சி’ பாட்டு தொடங்கியது. 1961இல் பெல் ஆய்வகத்தின் பெருங்கணிப்பொறி பாடிய அதே பாட்டு. அவை எழுந்து நின்று கைதட்டியது.