கை வைக்கிறதுக்கு முன்னாடி நுரை

பல்லாவரத்துல இருந்து வண்டலூர் வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டுல போனா, ‘ஃபோம் வாஷ்’னு போர்டு மாட்டாத வாட்டர் வாஷ் கடையைப் பார்க்கிறதே இப்போ அபூர்வம். கார் முழுக்க நுரையில மூடி நிக்கிற அழகைப் பார்த்துட்டு, வீட்டு வாசல்லயே அடிச்சா என்னன்னு பல பேருக்கு ஆசை வந்திருக்கு. பிரஷர் வாஷர் ஏற்கெனவே வீட்டுல இருக்கும். அதோட முனையில மாட்டுற ஃபோம் லான்ஸை ஆன்லைன்ல வாங்கிடுறாங்க. முதல் ஞாயித்துக்கிழமை அடிச்சுப் பார்த்துட்டு, “என்ன சார், கடையில வர்ற மாதிரி வரலை, சோப்புத் தண்ணியா ஓடுது”ன்னு கேட்கிறாங்க. அது ஏன்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி, இந்த நுரை எதுக்குன்னு தெரியணும்.

நுரை அடிச்சாலே கார் சுத்தமாயிடும்னு நம்பாதீங்க. ஆகாது. நீங்க கை வைக்கிறதுக்கு முன்னாடி, தானா இறங்கக்கூடிய மண்ணை இறக்கி விடுறதுதான் அதோட வேலை. அதுக்கு மேல எதையும் அதுகிட்ட எதிர்பார்க்காதீங்க. ஆனா அந்த ஒரு வேலையே நம்ம பக்கத்துக்கு ரொம்பப் பெரிய வேலை.

நம்ம தூசி லேசுப்பட்ட தூசி இல்லைங்க. செங்கல்பட்டு பக்கமிருந்து எம்-சாண்டும் ஜல்லியும் ஏத்திட்டு வர்ற லாரியில தார்ப்பாய் பாதி மூடியிருக்கும், பாதி பறக்கும். கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம், மேடவாக்கம்னு மெட்ரோ ரயில் வேலை. உள்தெருவுக்குள்ள வந்தா ஏதாவது ஒரு குழாய்க்குத் தோண்டி, அரைகுறையா மூடின பள்ளம். இந்தத் தூசியில பெரும்பகுதி பாறைத் தூள். நம்ம பல்லாவரம், பரங்கிமலைப் பாறைக்கு உலக அளவில ஒரு பேரே இருக்கு, சார்னோக்கைட். கல்கத்தாவுல கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கோட கல்லறையில இருக்கிற கல்லும் இதே கல்லுதான்னு தாமஸ் ஹாலண்ட்னு ஒரு புவியியலாளர் 1893-ல எழுதி, சார்னாக் பேரையே கல்லுக்கு வெச்சார். அதுல குவார்ட்ஸ் இருக்கு. கடினத்தை அளக்கிற மோஸ் அளவுல குவார்ட்ஸ் 7. கண்ணாடியையே கீறும். உங்க கார் பெயின்ட்டுக்கு மேல காவலா இருக்கிற கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். தலைமுடியை விட மெல்லிசு.

அந்தத் தூள் மேல இருக்கும்போதே ஈரத்துணியால ஒரு இழு இழுத்தா என்ன ஆகும்? ராத்திரி எல்.இ.டி. தெருவிளக்குக்குக் கீழ ஒரு கருப்பு காரை நிறுத்தி பானட்டைப் பாருங்க. விளக்கோட பிம்பத்தைச் சுத்தி, சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமா மெல்லிய கீறல் தெரியும். அது ரோட்டுல விழுந்தது இல்லை, துடைச்சுத் துடைச்சு விழுந்தது. ஃபிளாட்ஸ்ல காலையில ஒரே வாளி, ஒரே துணியோட பத்து காரைத் துடைக்கிறவரைக் குறை சொல்லாதீங்க. நாம கொடுக்கிற மாசக் காசுக்கு அவர் ஒரு காருக்கு அஞ்சு நிமிஷம்தான் ஒதுக்க முடியும். அதைவிட மோசம், டிக்கியில வெச்சிருக்கிற டஸ்டரால காய்ஞ்ச தூசியைத் தட்டுறது. அது நாமளே பண்றது.

சரி, நுரை ஏன் தண்ணியா வருதுங்கிற விஷயத்துக்கு வர்றேன். லான்ஸோட பித்தளை உடம்புக்குள்ள ஊசித் துளை மாதிரி ஒரு சின்ன ஓட்டை இருக்கு. அதுவழியா தண்ணி வேகமாப் பாயும்போது, கீழ பாட்டில்ல இருக்கிற ஷாம்பூவை உறிஞ்சி இழுக்கும். அப்புறம் ரெண்டும் சேர்ந்து ஒரு ஸ்டீல் வலைக்குள்ள புகுந்து, காத்தோட கலந்து நுரையா வெளிய வரும். அந்த ஓட்டை சாதாரணமா 1.25 மில்லிமீட்டர் இருக்கும். வீட்டு மெஷின் நிமிஷத்துக்கு 6 லிட்டர் மாதிரிதான் தண்ணி தள்ளும், அதுக்கு அந்த ஓட்டை பெருசு. வேகம் போதாம நுரை தளர்ந்துடும். 1.1 மில்லிமீட்டர் ஓட்டை தனியாவே கிடைக்குது, மாத்திப் பாருங்க. இன்னொரு காரணம் ஸ்டீல் வலை அடைப்பு. வேலை முடிஞ்சதும் பாட்டில்ல வெறும் தண்ணி ஊத்தி அரை நிமிஷம் அடிச்சு விடாதவங்களுக்கு, நாலு மாசத்துல ஷாம்பூவும் உப்பும் சேர்ந்து அந்த வலை கெட்டியாயிடும். கடைக்காரங்க நுரையோட உங்க நுரையை ஒப்பிடவும் வேண்டாம். அவங்ககிட்ட கம்ப்ரசர் காத்து ஏத்தின ஸ்டீல் டேங்க் இருக்கு, நம்மகிட்ட அது கிடையாது.

இன்னொண்ணும் சொல்லணும். கெட்டி நுரைதான் நல்ல நுரைன்னு ஒரு நம்பிக்கை இருக்கு. ஷேவிங் க்ரீம் கணக்கா அப்பிக்கிட்டு அசையாம நின்னா வீடியோவுக்கு நல்லா இருக்கும். மண்ணை இறக்குறது கொஞ்சம் ஈரமான, மெதுவா வழியுற நுரை. வெள்ளைக் கார்ல கதவுக்குக் கீழ்ப்பக்கம் உத்துப் பாருங்க. மேல வெள்ளையாக் கிளம்புற நுரை, கதவைத் தாண்டிக் கீழ வரும்போது டீ நிறத்துக்கு மாறியிருக்கும். அந்த நிறம் வந்தாத்தான் நுரை வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

ஷாம்பூ விஷயத்துல சிக்கனம் பார்த்து பாத்திரம் கழுவுற லிக்விட், துணி சோப்புத் தூள் எல்லாம் போடாதீங்க. எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிறதுக்குன்னே செஞ்ச சரக்கு அது, கார் மேல இருக்கிற வாக்ஸையும் சேர்த்து எடுத்துடும். பி.எச். நியூட்ரல்னு போட்ட கார் ஷாம்பூ வாங்குங்க. 1 லிட்டர் பாட்டிலுக்கு 100 மில்லி ஷாம்பூ, மிச்சம் தண்ணின்னு ஆரம்பிங்க. போதலைன்னா கொஞ்சம் ஏத்திக்கலாம்.

எந்தத் தண்ணின்னு கேட்டீங்க பாருங்க, அங்கதான் நம்ம ஊர்க் கதையே இருக்கு. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம்னு போர் தண்ணியை நம்பி இருக்கிற வீடுகள்ல பாத்ரூம் குழாயைப் பார்த்தாலே தெரியும், வெள்ளையா உப்புப் படிஞ்சிருக்கும். அந்த உப்புல இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் சோப்போட வேகத்தைத் தின்னுடும், நுரை குறையும். கார் மேல காய்ஞ்சா புள்ளி புள்ளியா உப்புக்கறை நிக்கும். இதுக்கு செலவில்லாத வழி ஒண்ணு இருக்கு, ஏ.சி. தண்ணி. ராத்திரி முழுக்க ஏ.சி. ஓடினா, நம்ம ஊர்ப் புழுக்கத்துக்கு அரை வாளிக்கு மேல சேரும். காத்துல இருந்த ஈரம் குளிர்ந்து சொட்டுற தண்ணி அது, உப்பு கிடையாது. துணியில வடிகட்டி பாட்டில்ல ஷாம்பூ கலக்க வெச்சுக்குங்க. மிச்சத்தைக் கடைசியா கண்ணாடி, பானட் துடைக்க வெச்சுக்கலாம். மழைத்தண்ணியை சம்ப்புல பிடிக்கிறவங்க இன்னும் கொடுத்து வெச்சவங்க. ஆனா ஆர்.ஓ. மெஷின்ல இருந்து வெளிய போற கழிவுத் தண்ணி மட்டும் வேண்டாம். வீணாகுதேன்னு நிறைய பேர் அதைப் பிடிச்சுக் காருக்கு ஊத்துறாங்க. ஆர்.ஓ. பிரிச்செடுத்த உப்பு பூரா அதுலதான் இருக்கு. வாசல் கழுவ இருக்கட்டும், கார் பக்கம் கொண்டு போகாதீங்க.

இப்போ அடிக்கிற முறை. வெயில்ல வேண்டவே வேண்டாம். காலையில ஆறரைக்கு முன்னாடி, இல்லைன்னா சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு. ஓட்டிட்டு வந்த உடனேயும் அடிக்காதீங்க, பானட் சூடு ஆறணும். வெறும் தூசி மட்டும்னா காய்ஞ்ச கார் மேலயே நேரா நுரை அடிங்க. ஈரமான கார் மேல அடிச்சா நுரை நீர்த்து, சீக்கிரம் வழுக்கிப் போயிடும். ஐப்பசி, கார்த்திகைச் சேறுன்னா கதையே வேற. முதல்ல சக்கரத்துக்கு மேல இருக்கிற உள்வளைவையும் கீழ்ப்பக்கத்தையும் வெறும் தண்ணியால அடிச்சுக் கட்டியை விழ வெச்சுட்டுத்தான் நுரை. கீழ இருந்து மேல அடிச்சுட்டுப் போங்க. அழுக்கு அதிகம் கீழதான், அதுக்கு ஊறக் கூடுதல் நேரம் கிடைக்கட்டும். நாலு நிமிஷம் விடுங்க. கத்திரி வெயில் காலம்னா காலையிலயே காத்து சூடா இருக்கும், ரெண்டு மூணு நிமிஷம் போதும். எந்தக் காலத்துலயும் நுரை காயவே கூடாது. அப்புறம் மேல இருந்து கீழ, முனையை ஒரு அடிக்குக் குறையாத தூரத்துல பிடிச்சு, விசிறி மாதிரி விரியுற நாசில்ல அலசுங்க. ஊசி மாதிரி ஒத்தைக் கோடா அடிக்கிற நாசிலைத் தொடாதீங்க. டிங்கரிங், பெயின்ட் டச்-அப் பண்ணின இடத்தை அது உரிச்சு எடுத்துடும்.

பிரஷர் வாஷரோட பிளக் விஷயத்தை ஒரு வார்த்தையில சொல்லிடறேன். எர்த் இருக்கிற பிளக்காப் பார்த்து மாட்டுங்க, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில கிடக்கக் கூடாது.

இதுக்கப்புறம்தான் கை. ரெண்டு வாளி வைங்க, ஒண்ணுல ஷாம்பூ, ஒண்ணுல வெறும் தண்ணி. மைக்ரோஃபைபர் கையுறையால கூரையில ஆரம்பிச்சு, நேர்கோடா இழுங்க, வட்டம் போடாதீங்க. ஒவ்வொரு பக்கம் முடிஞ்சதும் வெறும் தண்ணியில அலசிட்டு அடுத்தது. சக்கரத்துக்குத் தனித் துணி. முடிச்ச கையோட துடைச்சுடுங்க, காய விட்டா உப்புக்கறைதான்.

நுரையால முடியாதது சிலது இருக்கு. தண்டவாளத்தை ஒட்டித் தினமும் கார் நிறுத்துறவங்க, வெள்ளை கார்ல ஆரஞ்சு நிறத்துல பொடிப் புள்ளி பார்த்திருப்பீங்க. ரயில் சக்கரத்துல இருந்தும் பிரேக்ல இருந்தும் பறக்கிற இரும்புத் தூள், பெயின்ட்ல ஒட்டித் துருப்பிடிச்சது அது. பீச்–தாம்பரம் லைன்ல 1931-லயே மின்சார ரயில் வந்தாச்சு, கரிப்புகை இல்லை, ஆனா இரும்பு இரும்புதானே. அதுக்கு அயர்ன் ரிமூவர் தனியா வேணும். காக்கா எச்சம் நுரையில ஊறி இளகும், போகலைன்னா ஈரத்துணியைப் பத்து நிமிஷம் மேலேயே போட்டு வைங்க, சுரண்டாதீங்க. ஆயுத பூஜை அன்னிக்குப் பானட்ல வைக்கிற சந்தனம், குங்குமம் அடுத்த நாளே கழுவிடணும். ரெண்டு வாரம் விட்டா வெள்ளைக் கார்ல மஞ்சள் நிழல் தங்கிடும். நம்பர் பிளேட்ல வெச்சாலும் சாமி ஏத்துக்கும்.

வெள்ளத்துல நின்ன கார்னா அவசரப்பட்டுத் துடைக்காதீங்க. 2024 அக்டோபர்ல மழை வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்து மேல வரிசையாக் காரை ஏத்தி நிறுத்தினவங்களைப் பார்த்துச் சிலர் சிரிச்சாங்க. சேறு படிஞ்ச காரைக் கழுவினவங்க யாரும் சிரிக்க மாட்டாங்க. வண்டல் காய்ஞ்சா உப்புக் காகிதம்தான். ரெண்டு தடவை, மூணு தடவை நுரை அடிச்சு இறக்குங்க. என்ஜினுக்குள்ள தண்ணி போயிருக்குமோன்னு சந்தேகம் இருந்தா, மெக்கானிக் பார்க்கிற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம்.

தண்ணி செலவு? 6 லிட்டர் மெஷினை அலசவும் நுரைக்கும் சேர்த்து ஆறு நிமிஷம் ஓட்டினா 36 லிட்டர், ரெண்டு வாளி 30. மொத்தம் 70-க்குள்ள. ஹோஸ் நிமிஷத்துக்கு 12 லிட்டர் கொட்டுதுன்னு வெச்சா, கால் மணி நேரத்துல 180. 2019 ஜூன்ல நாம லாரித் தண்ணிக்குக் குடத்தோட நின்னோம். 2024 மார்ச்ல பெங்களூருல குடிதண்ணியில கார் கழுவினா 5,000 ரூபாய் அபராதம்னே போட்டாங்க. கழுவுற தண்ணியைத் தெருவோர மழைநீர்க் கால்வாயில விடாம, வீட்டு மண்ணுல இறங்குற மாதிரி நிறுத்திக் கழுவுங்க. நம்ம பக்கத்துக் கால்வாய் பலதும் கடைசியா போய்ச் சேர்றது பள்ளிக்கரணை சதுப்பு நிலம். உலக அளவில முக்கியமான சதுப்பு நிலங்களோட ராம்சார் பட்டியல்ல 2022-ல சேர்ந்த இடம் அது.

அப்போ வாங்கலாமா? தனி வீடு, வாசல்ல குழாய், கையில ஏற்கெனவே பிரஷர் வாஷர், அதுலயும் கருப்பு, இல்லைன்னா அடர் நிறக் கார்னா கண்டிப்பா வாங்குங்க. மெஷின் இல்லாதவங்க இதுக்காகவே மெஷின் வாங்க வேண்டாம். ஃபிளாட்ஸ்ல மூணாவது மாடியில இருந்துக்கிட்டு, பார்க்கிங்ல குழாய் இல்லாதவங்களுக்கும் இது தேவையில்லை. தோட்டத்துக்குத் தெளிக்கிற 2 லிட்டர் பம்ப் ஸ்ப்ரேயர்ல ஷாம்பூத் தண்ணி ஊத்தி கார் பூரா தெளிங்க, மூணு நிமிஷம் ஊற விடுங்க, ரெண்டு வாளித் தண்ணியை மேல இருந்து மெதுவா ஊத்துங்க. நுரை பார்க்க அழகா இருக்காது, ஆனா மண் இறங்கிடும்.