நிறுத்தக் குறியும் நம் உரிமையும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவெய்திய நம் சங்கத்தின் விழாவில், "இன்றைய இளைஞரும் ஆங்கில எழுத்தும்" என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளார்கள். அரசுப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகட்கு மேலாக ஆங்கிலம் கற்பித்து வருபவன் என்பதனால் இப்பணியை எனக்குத் தந்தார்கள் போலும். விழா நாளில் இலக்கணப் பாடமா என்று சிலர் எண்ணலாம். காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் வயிற்றுக்குச் சோறு போடுமா என்று வேறு சிலர் வினவலாம். சோறு போட்டதும் உண்டு. உரிமையைக் காத்ததும் உண்டு. அதனை முதலில் எடுத்துக்காட்டிவிட்டு, பிறகு நம் எழுத்தின் இன்றைய நிலைக்கு வருகிறேன்.

நம் நாட்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது என்பதை இங்குள்ள குழந்தையும் அறியும். 1948 நவம்பர் 29ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்ட பிரிவு அது. அதன் ஆங்கில மூலத்தை எடுத்துப் பாருங்கள். தீண்டாமையைக் குறிக்கும் சொல் மேற்கோள் குறிகளுக்குள் நிற்கிறது. அச்சொல்லுக்கு விளக்கம் எதுவும் சட்டத்தில் தரப்படவில்லை. விளக்கம் இல்லையே என்ற குறையைச் சபையிலேயே சிலர் சுட்டிக்காட்டினர். ஆயினும் சொல்லும் குறியும் அப்படியே நிலைபெற்றன.

1958இல் மைசூர் உயர்நீதிமன்றத்தின் முன் தேவராஜையா என்பாரின் வழக்கில் ஒரு கேள்வி எழுந்தது. தீண்டாமை என்றால் எது? வெறும் அகராதிப் பொருளைப் பிடித்துக்கொண்டால், தொற்றுநோய் கண்டவரைச் சில நாள் ஒதுக்கி வைப்பதும், பிறப்பு இறப்புத் தீட்டும், ஊர்ப் பிணக்கினால் ஒருவரை விலக்கி வைப்பதும்கூடத் தீண்டாமை ஆகிவிடும். நீதிமன்றம் அந்த மேற்கோள் குறிகளைக் கவனித்தது. அச்சொல் தன் இலக்கணப் பொருளில் வழங்கப்படவில்லை என்பதற்கு அக்குறிகளே சான்று என்றது. இந்நாட்டில் வரலாற்று வழியாக வளர்ந்துவந்த வழக்கம் எதுவோ, அதையே சட்டம் குறிக்கிறது என்று தெளிவுபடுத்தியது. தம்பியரே, நம் பாட்டனும் பாட்டியும் பட்ட துயரத்தைப் பிற சில்லறை விலக்கங்களோடு கலந்து நீர்த்துப்போக விடாமல் காவல் நின்றவற்றுள் அந்தச் சிறு குறிகளும் அடங்கும்.

இனி வயிற்றுக்குச் சோறிட்ட கதை. அமெரிக்க நாட்டின் மெய்ன் மாநிலத்தில் ஒரு பால் பண்ணை நிறுவனத்தின் வண்டியோட்டிகள் மிகைநேர ஊதியம் கேட்டு வழக்குத் தொடர்ந்தனர். எந்தெந்த வேலைகளுக்கு மிகைநேர ஊதியம் இல்லை என்று அம்மாநிலச் சட்டம் பட்டியலிட்டிருந்தது. அப்பட்டியலின் இறுதியில், அனுப்புவதற்கோ வினியோகிப்பதற்கோ பொருள்களைக் கட்டுதல் என்று பொருள்படும்படி சொற்கள் அமைந்திருந்தன. வினியோகம் தனி வேலையாகப் பட்டியலில் இருக்கிறது என்றது நிறுவனம். தனி வேலை ஆயின் அதற்கு முன் ஒரு காற்புள்ளி வேண்டுமே, அஃது இல்லையே என்றனர் வண்டியோட்டிகள். கட்டும் வேலைக்கே விலக்கு. நாங்கள் கட்டுவோர் அல்லர், கொண்டுபோய்க் கொடுப்போர் என்பது அவர்தம் வாதம். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் ஐயத்திற்கு இடமாக இருப்பதாகக் கூறி, அவ்வையத்தின் பயனைத் தொழிலாளர்க்கே அளித்தது. 2018இல் அந்நிறுவனம் 50 லட்சம் டாலருக்கு இணங்கிப் போயிற்று. ஒரு காற்புள்ளி இல்லாமையால் உழைத்தவர்க்குக் கூலி கிடைத்தது.

மூன்றாவது சான்று நமக்கு இன்னும் அண்மையது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சாதியின் பெயரால் இழிவுபடுத்துதலைக் குற்றமாக்குகிறது. அக்குற்றம் "பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில்" நிகழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. "பொது இடத்தில்" என்று சொல்லவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்று 2008இல் சுவரண்சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் விளக்கிற்று. தனியார் வீட்டின் வாயிற்கதவு பொது இடம் அன்று; ஆனால் தெருவில் போவோர் காணக்கூடிய இடமாதலின், அது பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடமே. ஆகவே ஒருவர் புகார் எழுதும்போது எங்கே நின்றிருந்தார், யார் யார் கண்டனர், கேட்டனர் என்பதைத் தெளிவான வாக்கியங்களில் எழுதினாரா, அன்றி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாரா என்பதில் வழக்கின் உயிர் இருக்கிறது.

மிகைப்படுத்திச் சொல்லுதல் ஆசிரியனுக்கு அழகன்று. நிறுத்தக் குறி சட்டத்தின் பொருள் காண்பதில் சிறு கூறுதான் என்று 1952இலேயே அசுவினி குமார் கோஷ் வழக்கில் உச்சநீதிமன்ற நீதிபதி ஒருவர் கூறியிருக்கிறார். புள்ளி மட்டுமே வழக்கை வெல்லாது. ஆனால் ஐயம் பிறக்கும் இடத்தில் அச்சிறு கூறும் பேசும் என்பதே நாம் கொள்ளத்தக்கது.

இலக்கணமும் குறிகளும் மேட்டுக்குடியார் நம்மைத் தள்ளி வைக்கக் கட்டிய வேலி என்று கருதும் இளைஞர் சிலர் உண்டு. அவர்தம் சினத்திற்குக் காரணம் இருக்கிறது. தவறாகப் பேசிய ஒரு சொல்லுக்காக வகுப்பறையில் நகைக்கப்பட்ட பிள்ளைகள் நம் தெருவில் பலர். எனினும் வரலாறு வேறு விதமாகக் கூறுகிறது. பழைய ஓலைச் சுவடிகளில் காற்புள்ளியும் இல்லை, வினாக்குறியும் இல்லை. மெய்யெழுத்தின் மேல் இடும் புள்ளிகூடப் பெரும்பாலும் இராது. ஏன்? முன்னமே மனப்பாடம் செய்த சிலர்தாமே அதனைப் படித்தார்கள்! ஐரோப்பாவிலும் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகர அச்சகத்தாராகிய ஆல்டஸ் மனுசியஸ் போன்றோரின் நூல்களால்தான் இக்குறிகள் ஒழுங்கு பெற்றன. தமிழில் 19ஆம் நூற்றாண்டில் அச்சு பரவியபோது ஆறுமுக நாவலர் முதலானோர் உரைநடையில் அவற்றைக் கையாண்டனர். நூல் பலர் கைக்கு வந்தபோது, ஆசான் அருகில் இல்லாமலே படிப்போர்க்கு வழிகாட்ட வந்தவை இக்குறிகள். படிப்பு மறுக்கப்பட்டவர்களுக்கு இவை பகையல்ல, துணையே.

இனி, ஆங்கில எழுத்தின் தரம் தாழ்ந்துவிட்டதா என்னும் வினாவிற்கு வருவோம். முன்னாளில் எல்லாரும் செம்மையாக எழுதினார்கள் என்பது கட்டுக்கதை. முன்னாளில் எழுதினவர் சிலர், எழுதுவிக்கப்பட்டவர் பலர். பத்திர எழுத்தரின் திண்ணையில் காத்திருந்து, காசு கொடுத்து, அவர் என்ன எழுதினார் என்று அறியாமலே கைநாட்டு வைத்தவர்கள் நம் முன்னோர். இன்று நம் வீட்டுப் பெண்பிள்ளையே எழுதுகிறாள். இது வளர்ச்சி, இதை இறக்கம் என்று சொல்ல என் நாக்கு இடங்கொடாது. ஆயினும், எழுதுவோர் பெருகிய அளவிற்கு எழுத்தின் கவனம் பெருகவில்லை என்பதும் உண்மை.

என்னிடம் பார்வைக்குக் கொண்டுவரப்படும் விண்ணப்பங்களில் திரும்பத் திரும்பக் காணும் குறைகள் மூன்று. ஒன்று, பக்கம் முழுவதற்கும் ஒரே வாக்கியம். முற்றுப்புள்ளி கையொப்பத்திற்கு அருகில்தான் வரும். இரண்டு, வினைச்சொல்லின் காலமயக்கம். நேற்று நடந்ததும் நாளை வேண்டுவதும் ஒரே காலத்தில் நிற்கும். மூன்று, அபாஸ்ட்ரபி என்னும் மேற்குறியைக் கண்டபடி தூவுதல். ஆங்கிலத்தில் மாணவரைக் குறிக்கும் சொல்லோடு எஸ் என்னும் எழுத்துச் சேரும்போது, அவ்வெழுத்துக்கு முன் இக்குறி வந்தால் உரியவர் ஒரு மாணவர். பின் வந்தால் பல மாணவர். விடுதிச் சலுகை ஒருவருக்கா, அனைவர்க்குமா என்பதையே அக்குறி நின்ற இடம் மாற்றிவிடும்.

காரணம் என்ன? பலரும் கைப்பேசியைப் பழிக்கின்றனர். 1992இல் முதல் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. ஒரு செய்திக்கு 160 எழுத்து என்ற எல்லை அப்போது இருந்தது. இடம் சுருங்கியதால் சொல்லும் சுருங்கிற்று; அதில் தவறில்லை. இன்று அந்த நெருக்கடி நீங்கிய பின்னும் பழக்கம் நீங்கவில்லை. நண்பனுக்கு எழுதும் சுருக்கெழுத்து வங்கி மேலாளருக்கும் போகிறது. வீட்டு உடையும் வெளி உடையும் வேறு என்று அறிந்த நாம், இதை மட்டும் மறந்தோம். மற்றொரு காரணம் தேர்வு முறை. விடைகளுள் ஒன்றைக் குறித்தால் போதும் என்ற தேர்வுக்கே ஆண்டுக்கணக்கில் பயிலும் இளைஞர், தேர்வாணையத்தின் முதல் தொகுதி முதன்மைத் தேர்வில் விரித்து எழுதச் சொன்னால் திகைத்து நிற்கின்றனர். ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இதில் பங்குண்டு. இலக்கணத்தை ஐந்து மதிப்பெண் வினாவாகவே வகுப்பறைகள் காட்டிவந்துள்ளன. மனிதன் தன் கருத்தைக் காத்துக்கொள்ளும் கருவியாகக் காட்டவில்லை.

பிழையைத் திருத்தக் கருவிகள் வந்துவிட்டனவே என்பீர்கள். வந்துள்ளன, பயன்படுத்துங்கள். ஆனால் உங்கள் நிலத்தின் எல்லை எது, உங்களை ஏசியவர் எங்கே நின்றார் என்பதைக் கருவி அறியாது. அழகான ஆங்கிலத்தில் தவறான செய்தியை அது எழுதித் தந்தாலும், அடியில் உள்ள கையொப்பம் உங்களுடையது. திண்ணை எழுத்தரை நம்பிக் கைநாட்டு வைத்த காலத்திற்கு நாம் புதிய வழியில் திரும்பிவிடலாகாது.

ஆங்கில விண்ணப்பத்தில் ஒழிய வேண்டியதும் ஒன்றுண்டு. "இரந்து தெரிவித்துக்கொள்கிறேன்" என்ற தொடக்கமும், "தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்" என்ற முடிவும் வெள்ளையர் ஆட்சி விட்டுச்சென்ற பழைய சட்டைகள். கல்வி உதவித்தொகை சட்டப்படி நமக்குரியது. அதனை இரக்க வேண்டியதில்லை. மரியாதை வேறு, அடிமைத்தனம் வேறு. "ஐயா" என்று தொடங்கி, "தங்கள் உண்மையுள்ள" என்று முடித்தால் போதும். இடையில் உள்ள வாக்கியங்கள் நிமிர்ந்து நிற்கட்டும். அவ்வாறு நிமிர்ந்து நிற்க வைப்பதே இலக்கணம்.

நம் முன்னோடிகள் இதனை நன்கு அறிந்திருந்தனர். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் "ஒரு பைசாத் தமிழன்" இதழைத் தொடங்கியதும், இரட்டைமலை சீனிவாசனார் 1893இலேயே நம்மை இழித்துரைத்த பெயரையே தம் இதழுக்குச் சூட்டி நடத்தியதும், எழுத்து பிறர் கையில் இருக்கும்வரை நம் குரல் நம்முடையதாகாது என்பதனால் அன்றோ! அதே சீனிவாசனார் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தைப் பாருங்கள். எங்கும் செல்லலாம் என்று பொதுப்படச் சொல்லி அவர் விட்டுவிடவில்லை. பொதுச் சாலை, தெரு, பாதை, பொது அலுவலகம், கிணறு, குளம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சுட்டினார். பெயர் சுட்டாத இடத்தில் கதவடைப்பார்கள் என்பது அவர் பட்டறிந்த உண்மை. பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய எம்.சி. ராஜா, நம் மக்கள் நிலையை 1925இல் ஆங்கில நூலாகவே எழுதினார். அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவராக விளங்கிய அண்ணல் அம்பேத்கரைப் பற்றி நான் சொல்லவும் வேண்டுமோ? இவர்களுள் எவர்க்கும் ஆங்கிலம் தாய்மொழி அன்று. கற்றார்கள், கருவியாக்கினார்கள்.

நீங்கள் செய்ய வேண்டுவன மிகக் கடினமானவை அல்ல. ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தியை மட்டும் எழுதுங்கள். நாள், இடம், பெயர், தொகை ஆகியவற்றைத் தவறாது குறியுங்கள். எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். மூச்சுத் தடுமாறும் இடத்தில் குறி வேண்டும். வேறொருவரிடம் படிக்கக் கொடுத்து, என்ன விளங்கிற்று என்று கேளுங்கள். காவல் நிலையத்தில் உங்கள் வாக்குமூலத்தைப் படித்துக்காட்டக் கேட்ட பின்னரே கையெழுத்திடுங்கள். முதல் தகவல் அறிக்கையின் படியைக் கட்டணமின்றிப் பெறுவது உங்கள் உரிமை. தமிழிலும் இவ்வொழுங்கைப் பேணுங்கள். தாய்மொழியில் குழம்பியவன் பிறமொழியில் தெளிவதில்லை.

இச்சங்கத்திற்கும் என் வேண்டுகோள் ஒன்றுண்டு. ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் நம் நூலக அறையில் விண்ணப்பம் எழுதும் பயிற்சி நடக்கட்டும். நகைப்பாரின்றிப் பிழை செய்யவும், பிழையைத் திருத்திக்கொள்ளவும் நம் பிள்ளைகளுக்கு ஓர் இடம் வேண்டும். என்னால் இயன்ற நாளெல்லாம் வந்து உடனிருப்பேன்.

இந்த ஆரணி நகரில் பட்டுத்தறியின் ஓசை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பாவில் ஓர் இழை அறுந்தால், நெய்பவர் தறியை நிறுத்தி, அவ்விழையை முடிந்த பின்னரே மேலே நெய்வார். சேலை முழுவதும் குறை ஓடிவிடக் கூடாதே என்னும் அக்கறை அது. அந்த அக்கறை நம் எழுத்திலும் இருக்கட்டும். நாம் நுழைய இயலாத அறைகளுக்குள்ளும் நம் எழுத்து நுழைந்து நமக்காகப் பேசுகிறது. அது திக்காமல் பேசட்டும்.

கல்விச் சங்கம் பொன்விழாக் காண்க! நம் இளைஞர் எழுத்தால் உயர்க!