கப்பல் கண்ணுக்குத் தெரிந்தது

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "பத்து நிமிஷம் பேசணும், தலைப்பு உங்க இஷ்டம்" என்றார். சிவில் படித்தவன் என்பதால் பாலம், அணை என்று ஏதாவது பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் பேசப்போவது ஒரு பயணத்தைப் பற்றி. விமான நிலையத்தில் இறங்கி, ஊருக்குள் வந்து, அங்கிருந்து துறைமுகம் போய்க் கப்பல் ஏறுவது. அதுவும் டாக்ஸி பிடிக்காமல், ரயிலிலும் பஸ்ஸிலும். "இதில் என்னய்யா என்ஜினீயரிங் இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். 2023-ஆம் ஆண்டு மே மாதம் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்த மாதம் அப்பாவையும் அம்மாவையும் மத்தியதரைக் கடலில் ஒரு கப்பல் பயணத்துக்கு அழைத்துப் போனேன். அப்பா ரிட்டயர் ஆன அன்று நான் கொடுத்த வாக்கு அது. கப்பல் மாலை 5 மணிக்கு ரோமிலிருந்து புறப்படும். எங்கள் விமானம் அதே நாள் காலை 10.30-க்கு ரோமில் இறங்கும். இடையில் ஆறரை மணி நேரம். தாராளமாகப் போதும் என்று கணக்குப் போட்டேன். அப்பா மட்டும், "ஒரு நாள் முன்னாடியே போயிடலாமே தம்பி?" என்றார். "ஹோட்டல் செலவு வீண்ப்பா" என்று சொல்லிவிட்டேன்.

கப்பல் டிக்கெட்டில் ரோம் என்று போட்டிருக்குமே தவிர, கப்பல் நிற்பது ரோமில் அல்ல. வடமேற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தள்ளி, சிவிட்டாவெக்கியா என்ற ஊரில். திராஜன் என்ற ரோமாபுரிச் சக்கரவர்த்தி கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய துறைமுகம் அது. விமான நிலையமோ ரோமுக்குத் தென்மேற்கே ஃபியூமிசீனோவில் இருக்கிறது. இரண்டும் ஒரே கடற்கரையில்தான். ஆனால் ரயிலில் போக வேண்டுமென்றால் ரோமுக்குள் வந்து, வண்டி மாறி, மறுபடியும் கடற்கரைக்குப் போக வேண்டும்.

விமான நிலையத்தில் இரண்டு விதமான ரயில்கள் உண்டு. ஒன்று லியோனார்டோ எக்ஸ்பிரஸ். எங்கும் நிற்காமல் 32 நிமிடத்தில் ரோமின் பெரிய நிலையமான தெர்மினிக்குக் கொண்டுபோய்விடும். மற்றது எல்லா நிலையத்திலும் நிற்கும் சாதாரண வண்டி. அது தெர்மினிக்குப் போகாது. ஆனால் திராஸ்தேவரே என்ற நிலையத்தில் நிற்கும். சிவிட்டாவெக்கியா வண்டியும் அங்கே நிற்கும். ஆகவே துறைமுகம் போகிறவனுக்கு எக்ஸ்பிரஸைவிட சாதாரண வண்டிதான் உசிதம். கட்டணமும் குறைவு. இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டு, பெருமையாகத்தான் திராஸ்தேவரேயில் இறங்கினேன்.

இத்தாலிய ரயில் நிலையங்களில் சுவரில் இரண்டு அச்சிட்ட தாள்கள் ஒட்டியிருக்கும். மஞ்சள் தாள் புறப்படும் வண்டிகளுக்கு. வெள்ளைத் தாள் வந்து சேரும் வண்டிகளுக்கு. நான் வெள்ளைத் தாளைப் பார்த்தேன். சிவிட்டாவெக்கியா என்ற பெயர் இருந்தது, நேரம் இருந்தது, பிளாட்பார எண்ணும் இருந்தது. அங்கே போய் நின்றோம். வண்டியும் வந்தது. அம்மாதான் சொன்னார்: "ஏண்டா, எல்லாரும் பெரிய பெரிய பெட்டியோட இறங்குறாங்களே, ஏறுறவங்க கையில பெட்டியக் காணோமே?" சிவிட்டாவெக்கியாவிலிருந்து வந்த வண்டி அது! நாங்கள் போக வேண்டிய வண்டி அதற்குள் வேறொரு பிளாட்பாரத்திலிருந்து கிளம்பிப் போய்விட்டது.

அடுத்த வண்டிக்காகக் காத்திருந்தபோது இன்னொன்று கற்றுக்கொண்டேன். அங்கே உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது. ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்திலுள்ள சிறிய இயந்திரத்தில் செருகி முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். குத்தாவிட்டால் அபராதம். பக்கத்தில் நின்ற ஒரு கல்லூரிப் பெண் எங்கள் டிக்கெட்டைப் பார்த்து, சைகையாலேயே சொல்லிக்கொடுத்தாள். அவள் நன்றாயிருக்கட்டும்.

சிவிட்டாவெக்கியாவில் இறங்கியபோது மணி 2.50. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே கடல். வலது பக்கம் தூரத்தில் மாடி மாடியாக எங்கள் கப்பல். "அதோ தெரியுதே, நடந்துடலாம்" என்றேன். நான் செய்த பெரிய தவறு அதுதான். ஆளுக்கொரு பெட்டியை இழுத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் நடந்தோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. துறைமுக வாசலுக்கு வந்தால், கப்பல்கள் நிற்கும் மேடைக்கு நடந்து போக முடியாது என்றார்கள். லார்கோ டெல்லா பாச்சே என்ற இடத்துக்குப் போய், அங்கிருந்து துறைமுகத்தின் இலவச பஸ்ஸில்தான் போக வேண்டுமாம். ரயில் நிலையத்திலிருந்தே அந்த இடத்துக்கு பஸ் உண்டு. அதை விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறோம்.

அப்பா பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. மெதுவாக, "கப்பல் கண்ணுக்குத் தெரியுது தம்பி, காலுக்குத்தான் தெரியல" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

கப்பல் புறப்படுவது ஐந்து மணிக்கு என்றாலும் பயணிகள் பதிவு நான்கு மணிக்கே மூடிவிடும். நாங்கள் மேடையைத் தொட்டபோது 3.40. இருபது நிமிடம் தப்பினோம். ஒரு வண்டி தாமதமாகியிருந்தால், என் பெற்றோரின் வாழ்நாளில் ஒரே ஒரு கப்பல் பயணத்தைக் கரையில் நின்று டாட்டா காட்டி அனுப்பியிருப்பேன்.

அன்றிரவு தூக்கம் வராமல் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். விமான நிலைய வாசலை விட்டு நாங்கள் வெளியே வந்தது 12.15-க்கு. கப்பல் மேடைக்கு வந்தது 3.40-க்கு. மொத்தம் 3 மணி 25 நிமிடம். அதில் ரயிலில் உட்கார்ந்திருந்தது சுமார் ஒன்றரை மணி நேரம்தான். மீதி இரண்டு மணி நேரமும் ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறுவதற்குள் கரைந்துபோனது. நான் போட்டிருந்த திட்டத்தில் இந்த இரண்டு மணி நேரத்துக்கு இடமே இல்லை!

இந்தக் கல்லூரியில் எங்களுக்கு ஸ்டீல் ஸ்ட்ரக்சர்ஸ் எடுத்த பேராசிரியர் அடிக்கடி சொல்வார்: "உறுப்பை டிசைன் பண்றவன் பாதி என்ஜினீயர்தாம்ப்பா. ஜாயிண்ட்டை டிசைன் பண்றவன்தான் முழு என்ஜினீயர்." அன்று கப்பலில் படுத்துக்கொண்டு அதை நினைத்தேன். பயணமும் ஒரு ஸ்ட்ரக்சர்தான். ரயில் பலமான உறுப்பு, விமானம் பலமான உறுப்பு, கப்பலும் அப்படியே. விட்டுப்போவது இணைப்பில்தான்.

ஏன் இணைப்பு பலவீனமாக இருக்கிறது? விமான நிலையத்துக்கு ஒரு நிர்வாகம், ரயிலுக்கு ஒன்று, ஊர் பஸ்ஸுக்கு ஒன்று, துறைமுகத்துக்கு இன்னொன்று. அவரவர் காம்பவுண்டு சுவருக்குள் எல்லாம் சரியாகவே இருக்கும். ஒரு சுவருக்கும் அடுத்த சுவருக்கும் நடுவில் உள்ள 300 மீட்டர்தான் யாருடைய பொறுப்பும் இல்லை. அந்த 300 மீட்டரில்தான் முழங்கால் வலிக்காரர்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கிறார்கள்.

இதைச் சரியாகச் செய்த ஊர்களும் உண்டு. கனடாவின் வான்கூவரைப் பாருங்கள். 2010 பிப்ரவரியில் அங்கே குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்தது. அதற்கு முன்பாக 2009 ஆகஸ்டில் கனடா லைன் என்ற ஓட்டுநர் இல்லாத ரயிலைத் திறந்தார்கள். விமான நிலையத்தில் ஏறினால் அரை மணிக்குள் வாட்டர்ஃபிரண்ட் என்ற கடைசி நிலையம். வெளியே வந்து சில நிமிடம் நடந்தால் கனடா பிளேஸ். அலாஸ்கா போகும் கப்பல்கள் அங்கேதான் நிற்கும். வண்டி மாறவே வேண்டாம்.

சிங்கப்பூரில் வண்டி மாறத்தான் வேண்டும். சாங்கி விமான நிலைய ரயில் 2002-இல் வந்தது. மரீனா பே கப்பல் முனையம் 2012-இல் திறந்தது. அதன் அருகிலுள்ள மரீனா சவுத் பியர் ரயில் நிலையம் 2014 நவம்பரில்தான் வந்தது. முனையத்துக்கும் ரயிலுக்கும் நடுவே இரண்டு வருடம்! திட்டமிடுவதில் பேர்போன ஊரிலேயே இணைப்பு கடைசியாகத்தான் வருகிறது பாருங்கள். ஆனால் வண்டி மாறும் இடத்தை அழகாகச் செய்திருக்கிறார்கள். சிட்டி ஹால், ராஃபிள்ஸ் பிளேஸ் என்ற இரண்டு நிலையங்களிலும் இரு பாதை வண்டிகளும் ஒரே பிளாட்பாரத்தின் இரு பக்கங்களில் வந்து நிற்கும்படி கட்டியிருக்கிறார்கள். இறங்கி, பத்தடி நடந்து, எதிரே ஏற வேண்டியதுதான். படிக்கட்டு இல்லாத ஜாயிண்ட்!

பயணம் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்கிறேன். நாம் படித்த சி.பி.எம். பாடத்தில் பேக்வர்ட் பாஸ் என்று ஒன்று வருமே, பரீட்சைக்குப் பிறகு மறந்துபோனோமே, அதைத் தூசி தட்டி எடுங்கள். கப்பலிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். புறப்படும் நேரத்தை விட்டுவிட்டு, பதிவு மூடும் நேரத்தில் தொடங்குங்கள். துறைமுக வாசலிலிருந்து மேடைக்கு எப்படிப் போவது என்பதை முதலில் விசாரியுங்கள். விமானத்தைக் கடைசியில் பாருங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வயதானவர்கள் கூட வந்தால் ஒரு மணி. இத்தாலி போகிறவர்கள் அன்றைக்கு ரயில் வேலைநிறுத்தம் உண்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 1990-இல் வந்த சட்டப்படி அதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரை, மாலை 6 முதல் 9 வரை உள்ளூர் ரயில்களில் முக்கியமானவை ஓடியாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அப்பா சொன்னால் ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். ஹோட்டல் வாடகையும் ஃப்ளோட்தான்.

கடைசியாக நம் ஊருக்கு வருகிறேன். சென்னைக் கடற்கரை ரயில் நிலையம் ராஜாஜி சாலையில், துறைமுகத்துக்கு எதிரே இருக்கிறது. அங்கிருந்து தாம்பரத்துக்கு 1931-இலேயே மின்சார ரயில் ஓடியது. அதே பாதையில்தான் திரிசூலம் நிலையம், மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு எதிரே. அதாவது, விமான நிலைய வாசலையும் துறைமுக வாசலையும் வண்டி மாறாமல் இணைக்கும் ஒரு ரயில் பாதை நம் கையிலேயே இருக்கிறது. முக்கால் மணி நேரப் பயணம். வான்கூவர்காரர்கள் 2009-இல் செலவழித்துக் கட்டியது! 2016 செப்டம்பரில் மெட்ரோவும் விமான நிலையத்துக்கு வந்தது. 2019-இல் ஹைகோர்ட் வரை நீண்டது.

1985-இல் தீ விபத்தோடு ஓட்டம் முடிந்துபோன எம்.வி. சிதம்பரம் கப்பலில் மலேயா, சிங்கப்பூர் போனவர்களை இங்குள்ள மூத்தவர்கள் அறிந்திருப்பீர்கள். 2022 ஜூனில் சென்னையிலிருந்து சுற்றுலாக் கப்பல் புறப்பட்டபோது எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வந்தது. கப்பலும் வந்துவிட்டது, ரயிலும் இருக்கிறது. ஆனாலும் விமானத்தில் வந்து கப்பல் ஏறப்போகிறவர்களில் எத்தனை பேருக்கு மின்சார ரயில் நினைவுக்கு வரும்? பெட்டியோடு ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்ட வேண்டும். அந்தப் பக்கம் ராஜாஜி சாலையைத் தாண்ட வேண்டும். இரண்டு முனையிலும் சில நூறு மீட்டர்தான். நம்மைத் தடுப்பது அதுதான்.

இன்றைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் சிலர் நாளைக்கு ரயில் நிலையம் கட்டுவீர்கள், சிலர் பஸ் நிலையம், சிலர் துறைமுகம். வரைபடத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு பெட்டியில் 20 கிலோ அரிசியைப் போட்டு, உங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு, உங்கள் காம்பவுண்டு சுவரிலிருந்து அடுத்த நிர்வாகத்தின் வாசல் வரைக்கும் ஒரு தடவை நடந்து பாருங்கள். அம்மா எங்கே நின்று மூச்சு வாங்குகிறாரோ, அங்கே உங்கள் வேலை பாக்கி இருக்கிறது.

அப்பா அந்தக் கப்பலில் ஏழு நாளும் சந்தோஷமாகவே இருந்தார். இருந்தாலும் ஊருக்கு வந்து சொந்தக்காரர்களிடம் அவர் சொன்னது கப்பலைப் பற்றி அல்ல. கப்பலுக்கு நடந்ததைப் பற்றித்தான்! இன்றைக்கும் வீட்டில் யாராவது வெளியூர் கிளம்பினால், "இவன்கிட்ட வழி கேக்காதீங்க" என்கிறார். இந்த அவையிலும் அதையே சொல்லி அமர்கிறேன்.