ஓரெழுத்தில் எழுந்த ஐயம்

அருகன் திருவடி போற்றி! 

“ஆகமம் கூறுவது உண்மை என்று எவ்வாறு நம்புவது?” என்னும் வினா இன்று சமண இல்லங்கள் பலவற்றில் எழுகிறது. வினவும் பிள்ளையைப் பெற்றோர் அஞ்சி அடக்குவதும் உண்டு. நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் முதலாவது ஐயமின்மை. ஆதலின் ஐயுறுவதே குற்றம் என்று அவர்கள் கருதுகின்றனர். ஆயின், ஆகமம் ஏட்டில் ஏறிய வரலாறு வேறொன்றை உணர்த்துகிறது.

சௌராட்டிர நாட்டுக் கிர்நார் மலையில், சந்திரகுகையில் வாழ்ந்தவர் தரசேனாசாரியர். செவிவழியாக வந்த பூர்வ ஆகமத்தின் ஒரு பகுதியை அறிந்தவர். தமக்குப்பின் அவ்வறிவு அழிந்துபடுமே என்று கவன்று, தென்னாட்டு முனிவர் சங்கத்துக்கு ஓலை விடுத்தார். சங்கத்தார் கற்கவும் கற்றதை நினைவிற்கொள்ளவும் வல்ல இருவரை அனுப்பினர். பின்னாளில் புஷ்பதந்தர், பூதபலி எனப் பெயர் பெற்றோர் அவர்களே.

ஆசாரியர் உடனே ஆகமத்தைக் கற்பிக்கவில்லை. ஒருவருக்கு எழுத்து மிகுந்த மந்திரத்தையும், மற்றவருக்கு எழுத்துக் குறைந்த மந்திரத்தையும் அளித்து, இருநாள் உண்ணாநோன்பிருந்து ஓதுமாறு பணித்தார். அவ்வாறே ஓதினர், தெய்வங்களும் தோன்றின. ஆனால் ஒரு தெய்வத்துக்குப் பல் முன்னே நீண்டிருந்தது. மற்றொன்றுக்குக் கண் ஒன்றே இருந்தது.

தெய்வம் தோன்றியதே போதும் என்று அவர்கள் மகிழ்ந்துவிடவில்லை. ஆசிரியர் தந்ததில் பிழை இராது என்று வாளா இருக்கவும் இல்லை. பிழை கண்டவுடன் அவரை இகழ்ந்து மலையிறங்கவும் இல்லை. தெய்வங்களின் இயல்பு இதுவன்றே என ஐயுற்றனர்; மந்திர இலக்கணம் கொண்டு ஆராய்ந்தனர்; மிக்க எழுத்தை நீக்கியும் குறைந்த எழுத்தைச் சேர்த்தும் மீண்டும் ஓதினர். தெய்வங்கள் தம் இயல்பான வடிவில் தோன்றின. நிகழ்ந்ததை இருவரும் மறையாது உரைத்தனர். ஆசாரியர் மகிழ்ந்து, ஆகமப் பொருளைக் கற்பிக்கத் தொடங்கினார்.

ஐயுற அறிந்தவரிடமே ஆகமம் ஒப்படைக்கப்பட்டது என்பது இங்கு எண்ணத்தக்கது. கேட்டதை அவ்வாறே திருப்பிச் சொல்பவர் பிழையையும் சேர்த்தே காப்பர். எழுந்த வினாவை ஆராய்ந்து, தெளிந்தபின் அசையாது நிற்பதே ஐயமின்மை. அவ்விருவரின் தேடலில் கல்வியும் இருந்தது. நோன்பும் பணிவும் இருந்தன.

கல்வி முடிந்தபின் புஷ்பதந்தர் வனவாச நாட்டில் தங்கி முதற்சூத்திரங்களை இயற்றினார். பூதபலி தமிழ்நாட்டுக்கு வந்தார் என்று வீரசேனரின் தவளா உரை கூறுகிறது. புஷ்பதந்தர் விடுத்த சூத்திரங்களைப் பெற்று, ஷட்கண்டாகமத்தை நிறைவு செய்தவர் அவரே. அந்நூல் ஏட்டில் ஏறி வழிபடப்பெற்ற நாள் என்றே ஜேஷ்ட மாத வளர்பிறை ஐந்தாம் நாள் சுருத பஞ்சமியாகப் போற்றப்படுகிறது. மூடபித்ரியில் ஓலைச்சுவடியாகக் காக்கப்பட்ட அந்நூல், தவளா உரையுடன் 1939 முதல் அச்சேறியது.

ஆகவே, பிள்ளை வினவும்போது பெற்றோர் அஞ்ச வேண்டுவதில்லை. “எனக்கும் தெளிவில்லை, சேர்ந்து பார்ப்போம்” என்று கூறி, நூலைத் திறந்து உடன் அமர்தலே தக்கது. விடை அன்றே கிடையாமற்போகலாம். நோன்பிருந்தோரின் பொறுமை அதற்கும் வேண்டும். அடக்கப்பட்ட வினா அழிவதில்லை. அது பிள்ளையோடு வளர்ந்து, ஒருநாள் அவனை ஜினாலயத்துக்கு வெளியே நிறுத்திவிடும். உடனமர்ந்து ஆராயப்பட்ட வினாவோ அவனை ஆகமத்தின் அருகே கொணரும்.

அறம் வளர்க!