வானேறும் பணியும் மனையறமும்

(விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி வட்டாரங்களில் வாழும் தமிழ்ச் சமணர் குடும்பங்களில் உழவும் ஆசிரியப் பணியும் நெடுங்காலம் வழிவழி வந்தவை. அடுத்து வந்தோர் பொறியியலும் மருத்துவமும் கற்றுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்தும் சென்றனர். இன்று பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை, "விமானி ஆக விரும்புகிறேன்" என்று கூறும் வீடுகளும் உள. அவ்வாறு கூறுவது மகளாயின், வீட்டில் எழும் வினாக்கள் இருமடங்காகின்றன. பணம் எங்கிருந்து வரும்? திருமணம் எப்போது? குழந்தையை யார் பார்ப்பார்? இரவுணவு தவிர்க்கும் நோன்பு என்னாகும்? இவற்றுக்கு விடை காணாமலே சில வீடுகள் ஒப்புக்கொள்கின்றன. விடை காணாமலே சில வீடுகள் மறுத்துவிடுகின்றன. இரண்டும் பிள்ளைக்குத் தீங்கே.

விசயை ஏறிய மயிற்பொறி

வானூர்தியையும் இல்லறத்தையும் ஒருசேர வைத்துப் பேசிய நூல் தமிழில் முன்பே உண்டு. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய சீவக சிந்தாமணியே அது. திருத்தக்கதேவர் பாடிய அந்நூலின் நாமகள் இலம்பகத்தில் ஏமாங்கத நாட்டு வேந்தன் சச்சந்தனின் வரலாறு வருகிறது. தேவி விசயையின்பால் கொண்ட பெருங்காதலால் அவன் அரசு முறையை மறந்தான். ஆட்சியை அமைச்சன் கட்டியங்காரனிடம் ஒப்படைத்தான். அமைச்சர் சிலர் இடித்துரைத்தும் கேட்டிலன். பின்னர்த் தேவி கண்ட தீக்கனவின் பொருளுணர்ந்து, கம்மியனைக் கொண்டு மயில் வடிவில் பறக்கும் பொறியொன்று செய்வித்தான். கருவுற்றிருந்த தேவி அதனை எழுப்பவும் இறக்கவும் பயின்றாள். கட்டியங்காரன் படையொடு வந்து வளைத்தபோது தேவியைப் பொறியிலேற்றி அனுப்பிவிட்டு, மன்னன் பொருது மாண்டான். பகைவனின் வெற்றி முரசு கேட்டுத் தேவி மயங்க, பொறி சுடுகாட்டில் இறங்கியது. அங்கே சீவகன் பிறந்தான்.

கற்பனைப் பொறியே எனினும், இக்கதை பயனுள்ள இரண்டு செய்திகளைத் தருகிறது. சச்சந்தன் மனையின்பத்துக்காகக் கடமையைக் கைவிட்டுக் கெட்டவன். இக்காலத்தார் பலர் கடமையின் பெயரால் மனையைக் கைவிடுகின்றனர். ஒருபக்கம் சாய்வதால் வரும் கேடு இருவர்க்கும் ஒன்றே. இரண்டாவது, விசயை இடர் வருமுன்னே பயின்றிருந்தாள். முற்றுகை தொடங்கிய பின் கற்கப் புகுந்திருந்தால் காப்பியமே இல்லை. விமானியின் குடும்பமும் அத்தகையதே. யார் எதைத் தாங்குவது என்பது பணியில் சேருமுன்னே பேசி முடிக்கப்பட வேண்டும்.

சுந்தரம் – உஷா இணையர்

காப்பியத்தை விடுத்து வரலாற்றுக்கு வருவோம். சென்னைப் பறத்தற் கழகத்தில் பயிற்றுநராக விளங்கியவர் கேப்டன் வி. சுந்தரம். அவரை மணந்த பின்னர் வானூர்தி ஓட்டக் கற்றவர் உஷா சுந்தரம். சுந்தரம் மைசூர் அரசின் வான்போக்குவரத்துப் பொறுப்பேற்றபோது இருவரும் பெங்களூருக்குப் பெயர்ந்தனர். அங்கு ஜக்கூரில் தோன்றிய அரசுப் பறத்தற் பயிற்சிப் பள்ளியில் 1949 ஆம் ஆண்டு உஷா தேர்ச்சி பெற்றார். மைசூர் அரசின் டகோட்டா விமானத்தில் கணவருக்குத் துணை விமானியாய் அமர்ந்து நேரு, பட்டேல் முதலிய தலைவர்களை அழைத்துச் சென்றார். இருவரும் 'டி ஹாவிலண்ட் டவ்' என்னும் சிறு விமானத்தை இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு ஏறத்தாழ 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தது அந்நாளில் பெரிதும் பேசப்பட்டது.

ஒரே விமானத்தில் கணவனும் மனைவியும் அருகருகே அமரும் பேறு எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஆயினும் மனைவி கற்கக் கணவனே துணைநின்றான் என்பதை இளைஞர் கருத்தில் இருத்த வேண்டும்.

அவர்தம் வாழ்வின் பிற்பகுதி இவ்வவைக்கு இன்னும் நெருக்கமானது. சென்னைத் தியாகராய நகரில் மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் காத்ததிலிருந்து, 1959 இல் 'புளூ கிராஸ்' என்னும் உயிரிரக்க அமைப்பு அவர்கள் இல்லத்தில் முளைத்தது. மனைவியும் மக்களும் அதில் ஒருங்கே உழைத்தனர். தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடை செய்யும் திட்டத்தை அவ்வமைப்பு 1964 இல் தொடங்கியது. சென்னை மாநகராட்சி அதனை ஏற்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. 2001 இல் நடுவண் அரசும் அதற்கென விதிகள் வகுத்தது. கொல்லாமையை முதல் அறமாகக் கொண்ட குடும்பங்கள், ஒரு விமானியின் வீட்டிலிருந்து இப்பணி கிளைத்தது என்பதைப் பிள்ளைகட்குச் சொல்லலாம். பெற்றோர் இருவரும் பறந்த வீட்டில் மக்கள் தனித்து விடப்படவில்லை; பெற்றோரின் வேலையில் அவர்களுக்கும் பங்கு இருந்தது.

சரளா தக்ரால்

எல்லா வாழ்வும் அவ்வாறு அமைவதில்லை. 1936 இல் லாகூரில் பறக்கும் உரிமம் பெற்ற சரளா தக்ராலுக்கு அப்போது அகவை இருபத்தொன்று. நான்கு அகவைப் பெண்குழந்தைக்குத் தாய். புடைவையுடுத்தே 'ஜிப்சி மாத்' விமானத்தை ஓட்டினார். விமானியாகிய கணவரும் அவர் குடும்பத்தாரும் ஊக்கினர். 1939 இல் கணவர் விமான விபத்தில் மறைந்தார். சரளா வணிக விமானி உரிமம் பெற ஜோத்பூர் சென்றார். உலகப்போர் மூண்டதால் அப்பயிற்சி நின்றது. அவர் லாகூர் திரும்பி ஓவியம் பயின்றார். நாட்டுப் பிரிவினையின்போது பெண்மக்களுடன் தில்லிக்கு வந்து, ஆடை, அணிகலன் வடிவமைப்பாலும் ஓவியத்தாலும் தம் காலில் நின்றார்.

இவர் வாழ்வை வெற்றிக் கதையாகவோ தோல்விக் கதையாகவோ சுருக்குதல் பொருந்தாது. விமானியின் பணி, விமானியின் விருப்பத்தையும் திறனையும் கடந்த காரணங்களால் நின்றுபோகக் கூடியது. கையில் மற்றொரு தொழில் இருப்பது குடும்பத்துக்குக் காப்பு. பட்டப்படிப்பை முடித்துவிட்டுப் பறக்கப் போகட்டும் என்று பெற்றோர் கூறினால், அதனைத் தடை என்று பிள்ளைகள் கருதலாகாது.

பணியின் இயல்பு

விழுப்புரத்தார்க்கு இப்பணி முற்றிலும் புதிதன்று. சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என ஐந்து திசையும் பிரியும் சந்திப்பு விழுப்புரம். இரயில் ஓட்டுநரை இரயில்வே இன்று 'லோகோ பைலட்' என்றே அழைக்கிறது. நள்ளிரவில் பணிக்கு அழைப்பு, வெளியூர் ரன்னிங் ரூமில் உறக்கம், தீபாவளியன்றும் பணி, பகலில் தூங்கும் தந்தைக்காக அடங்கிப் பேசும் பிள்ளைகள் ஆகியவற்றை இரயில்வே குடியிருப்புகள் தலைமுறைகளாக அறியும். விமானியின் குடும்பம் கற்க வேண்டிய பாடம் பக்கத்துத் தெருவிலேயே உள்ளது.

வேறுபாடுகளும் உண்டு. விமானி ஆண்டுக்கு 1000 மணி நேரத்துக்கு மேல் பறக்கலாகாது என்பது இந்திய விதி. கேட்பவர்க்கு இது குறைவாகத் தோன்றும். ஆனால் முன்னேற்பாடும் காத்திருப்பும் வெளியூர்த் தங்கலும் அக்கணக்கில் சேர்வதில்லை. திருத்தப்பட்ட விதிகளின்படி வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்ந்தது. இரவுப்பணி என்பது நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை எனக் கணக்கிடப்படுகிறது. அவ்விதிகளுக்கேற்ப விமானிகளைத் திட்டமிடாமையால் 2025 டிசம்பரில் நாட்டின் மிகப்பெரிய விமான நிறுவனத்தின் ஆயிரக்கணக்கான பயணங்கள் நீக்கப்பட்டதைப் பலரும் நினைவில் வைத்திருப்பர். ஓய்வு என்பது விமானிக்குச் சலுகையன்று. பின்னே அமர்ந்திருக்கும் பயணிகளின் உயிர்க்காப்பு. ஆகவே ஓய்வு நாளில் வந்தவரை உறவினர் வீட்டுச் சடங்குகளுக்கெல்லாம் இழுத்துச் செல்லாமை குடும்பத்தாரின் கடமை.

பொருளும் எல்லையும்

வணிக விமானி உரிமத்துக்கு அகவை 18 நிரம்பியிருத்தலும், 200 மணி நேரப் பறத்தலும், வானிலையியல், வழியறிதல், விமான விதிகள் முதலிய தேர்வுகளும், முதல் வகுப்பு மருத்துவத் தகுதியும் வேண்டும். கேப்டனாக உயர்வதற்குரிய உரிமத்துக்கு 1500 மணி நேரம் வேண்டும். பயிற்சிச் செலவு அரை கோடி ரூபாயைச் சுற்றியே நிற்கிறது. குறித்த வகை விமானத்தை ஓட்டும் பயிற்சிக்கு மேலும் பல இலட்சம் ஆகும். உரிமம் பெற்றவுடன் வேலை கிடைக்கும் என்னும் உறுதியும் இல்லை.

இந்நிலையில் நன்செய் நிலத்தை விற்பதோ ஈடு வைப்பதோ செய்யுமுன் மூன்றைக் கருத வேண்டும். முதலாவது, கல்விக் கட்டணம் கட்டுமுன் மருத்துவச் சோதனையை முடித்துவிட வேண்டும். நிறப்பார்வைக் குறை போன்றதொன்று பின்னர் வெளிப்பட்டால் கட்டிய பணம் வீண். இரண்டாவது, நிறுவனங்கள் நிலையானவை அல்ல. 2012 இல் கிங்ஃபிஷரும், 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேசும், 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்டும் பறப்பதை நிறுத்தின. 2020 இல் பெருந்தொற்றால் உள்நாட்டு விமானங்களே இரண்டு மாதம் நின்றன. ஓராண்டு ஊதியமில்லாவிடினும் தவணை கட்ட இயலுமா என்று கணக்கிட வேண்டும். மூன்றாவது, உடன்பிறந்தார் பங்கு. ஒரு பிள்ளையின் கனவுக்காக மற்றொரு பிள்ளையின் கல்வி நிதியைத் தொடுவதாயின், அப்பிள்ளையையும் அமர்த்திப் பேசியே தொட வேண்டும்.

இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் திக்விரதம் என்பது ஒன்று. மேலும் கீழும் உட்படப் பத்துத் திசைகளிலும் எவ்வளவு தொலைவு செல்வது என்று எல்லை வகுத்துக்கொள்ளும் நோன்பு அது. விமானிக்கு அஃது எங்ஙனம் பொருந்தும் என்று இளைஞர் வினவுவர். அந்நோன்பு அவாவுக்கு வேலி. அவ்வேலியை விமானியும் வகுக்கலாம். வளைகுடா நாட்டு நிறுவனம் இருமடங்கு ஊதியம் தருவதாக அழைக்கும்போது, எத்தனை ஆண்டு, எவ்வளவு பொருள், பெற்றோர் முதுமையில் எவ்வளவு தொலைவு என்று முன்னரே வரையறுத்திருந்தால் முடிவு எளிதாகும்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். பயணிகளுக்கான உணவு வகைகளுள் சமண உணவு என்றே தனி வகை பல நிறுவனங்களில் உண்டு. விமானி வீட்டிலிருந்து கொண்டு செல்லும் உணவும் துணை. இரவுணவு தவிர்ப்போர், பசித்த வயிற்றோடு நள்ளிரவில் விமானத்தை இறக்குவது பலர் உயிருக்கு இடராகுமா என்பதையும் எண்ண வேண்டும். எவ்வளவு நோன்பு இயலும் என்பதைத் தம் உடல்நிலை அறிந்து, பெரியோரைக் கலந்து, அவரவரே முடிவு செய்வதே தக்கது. மது விலக்கோ இப்பணிக்கு இயல்பாகவே பொருந்துவது. பறக்குமுன் பன்னிரண்டு மணி நேரம் மது அருந்தலாகாது என்பது அரசு விதி. சமணர் வீட்டுப் பிள்ளைக்கு அவ்விதியால் சுமையில்லை.

இல்லத்தார் செய்யத்தக்கன

இந்திய விமானிகளில் பெண்கள் ஏறக்குறைய 12 முதல் 15 விழுக்காடு. உலக அளவில் அது 5 விழுக்காட்டையொட்டியே உள்ளது. ஆகவே பெண்ணுக்கு ஆகாத பணி என்னும் பேச்சுக்கு இடமில்லை. ஆயினும் மகப்பேற்றுக் காலத்தில் பறத்தல் தடைப்படும். சட்டப்படி 26 வாரம் ஊதிய விடுப்பு உண்டு. திரும்பும்போது மருத்துவத் தகுதியும் சிமுலேட்டர் தேர்வும் காத்திருக்கும். அந்த ஓராண்டில் அவளுக்குத் துணை நிற்கும் வீடா என்பதைப் பெண் பார்க்க வரும்போதே கேட்பதில் நாணமில்லை. தமிழ்ச் சமணர் தொகையில் சிறியவர். வரன் அமைவதே அரிது. "பறக்கும் பெண் வேண்டா" என்று ஒதுக்கும் வீடு, தன் மகனுக்கு நல்ல துணையை இழக்கிறது.

மகன் விமானியானாலும் இதே கேள்விகள் உண்டு. அவன் பறக்கும்போது வீட்டைத் தனியே சுமப்பவள் மருமகள். அவளுடைய வேலையும் படிப்பும் தாமாகவே நின்றுவிடும் என்று எதிர்பார்ப்பது அறமன்று. பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் திண்டிவனத்திலிருந்து தாம்பரத்துக்குக் குடிபெயரும் பாட்டியையும் ஒரு சொல் கேட்க வேண்டும். அவருக்கும் ஊரும் கோயிலும் தோழியரும் உண்டு.

மாத அட்டவணை வந்தவுடன் இணையர் இருவரும் அமர்ந்து அதனைப் படிக்கலாம். பிறந்தநாளைத் தேதிக்காகக் காத்திராமல், வீட்டில் இருக்கும் நாளில் கொண்டாடலாம். குழந்தையிடம் "நாளை வருவேன்" என்னும்முன், வர இயலுமா என்று உறுதி செய்துகொள்ளலாம். வாய்மை வீட்டுக்குள்ளும் வேண்டும். வாக்குப் பிறழ்ந்த தந்தையையும் தாயையும் குழந்தைகள் நெடுநாள் மறப்பதில்லை.

இவையெல்லாம் ஆராய்ந்த பின், "இப்பணி நம் குடும்பத்துக்கு இப்போது இயலாது" என்று ஒரு வீடு முடிவு செய்யுமாயின், அதுவும் மதிக்கத்தக்க முடிவே. ஆனால் காரணத்தைப் பிள்ளையிடம் கணக்கோடு எடுத்துரைக்க வேண்டும். விமானப் பொறியியல், வானூர்திக் கட்டுப்பாட்டு அலுவலர் பணி, வானிலைத் துறை என அதனையொட்டிய வழிகள் பல. இயலும் என்று முடிவு செய்யும் வீடு முழு மனத்தோடு அனுப்ப வேண்டும். அரை மனத்தோடு அனுப்பிவிட்டு ஒவ்வொரு பண்டிகைக்கும் குறை கூறுதல் வேண்டா.

இவ்விழாவுக்கு வந்துள்ள மாணவர்கள் இன்றிரவே பெற்றோருடன் அமர்ந்து பேசுக. பெற்றோர் செவிகொடுத்துக் கேட்பாராக.