வட்டுக்கோட்டைச் செமினறி

சென்னைப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டு முதன்முதலாக நடத்திய பி. ஏ. பரீட்சையிற் தேறியோர் இருவர்: சி. வை. தாமோதரம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை. இருவருமே வட்டுக்கோட்டைச் செமினறியிற் பயின்ற யாழ்ப்பாணத்தவர்.

அமெரிக்க மிஷனார் 1823இல் அதனைத் தொடங்கியபோது, இந்தியாவிலோ இலங்கையிலோ இன்றைய முறையிலமைந்த பல்கலைக்கழகம் ஒன்றேனும் இருக்கவில்லை. ஆயினும், சேரவேண்டிய கல்லூரிக்கு முன்னரே அதற்குரிய ஆயத்தம் அங்கு நடைபெற்றது. மாணாக்கர் விடுதியிலேயே தங்கி, ஆங்கிலம், தமிழ், கணிதம், வானசாத்திரம் ஆகியவற்றை ஒருசேரக் கற்றனர். மேனாட்டு வானசாத்திரத்தோடு நம்மவர் பஞ்சாங்கக் கணிதமும் அங்கே ஆராயப்பட்டது. செமினறித் தலைவராயிருந்த ஹொய்சிங்டன், இந்து வானசாத்திரத்தை விளக்கும் தமிழ் நூலொன்றை 1848இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார். கலித்தொகையை 1887இல் அச்சேற்றிய தாமோதரம்பிள்ளையின் இருமொழிப் புலமைக்கு இத்தகைய பயிற்சி உதவியிருக்குமென்பதில் ஐயமில்லை.

ஆனால், அவ்விருவரும் பரீட்சையிற் தேறியபோது செமினறி இல்லை! ஆங்கிலக் கல்வி மாணாக்கரைச் சமயப் பணியினின்று அரசாங்க உத்தியோகத்திற்கு ஈர்க்கின்றதெனக் கருதி, மிஷனார் 1855இல் அதனை மூடிவிட்டனர். அவர்தம் நோக்கிற்கு அது சரியாயிருக்கலாம், ஊராருக்கோ பேரிழப்பு. பழைய மாணாக்கரும் உள்ளூர்க் கிறித்தவரும் விடாது முயன்றனர். 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. பின்னர் அங்கிருந்தபடியே கடலுக்கப்பாலுள்ள கல்கத்தாப் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கு மாணாக்கர் ஆயத்தம் செய்யலாயினர்.